பழைய சொகுசுக் கார் வாங்கப் போகிறீர்களா? உதிரிபாகக் கடைக்காரன் சொல்வதைக் கேளுங்கள்

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஐரோப்பியக் கார்களுக்கான உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பது என் வேலை. மெக்கானிக் காரைத் திறந்து பார்த்துக் கோளாறு சொல்வார். எனக்குக் காரே தேவையில்லை. அலமாரியில் எந்தப் பெட்டி வந்த வேகத்தில் காலியாகிறதோ, அதுதான் அந்த மாடலுக்கு உள்ள நோய். பழைய பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி வாங்கலாமா என்று கேட்டு வரும் நம் ஆட்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைக்கிறேன்.

இந்த ஊரில் சொகுசுக் கார் கெடுவதற்குப் பாதிக் காரணம் ஜெர்மனி, மீதிப் பாதி சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க அரசு தரும் உரிமைச் சான்றிதழ். புதுக் காருக்குப் பத்து ஆண்டு உரிமை. எட்டாம் ஆண்டு வந்ததும் உரிமையாளர் மனத்தில் கணக்கு ஓட ஆரம்பிக்கும்: இன்னும் இரண்டு வருடத்தில் ஸ்கிராப்புக்குப் போகிற வண்டிக்கு எதற்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டும்? கியர் பாக்ஸ் ஆயில் மாற்றுவது தள்ளிப்போகும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் குறைந்தால் அதற்குப் பதில் குழாய்த் தண்ணீர் போகும். "அண்ணே, ஸ்கிராப் வரைக்கும் தாங்குற மாதிரி மலிவா ஏதாச்சும் குடுங்க" என்று கவுண்டரில் கேட்பார்கள். நானும் கொடுப்பேன், வியாபாரம்தானே. பிறகு அவர்கள் மனசு மாறி, ஸ்கிராப் பண்ணாமல் காரை விற்றுவிடுவார்கள். பளபளவென்று பாலிஷ் போட்டு, "மீதம் ஒரு வருடம் நான்கு மாதம்" என்று விளம்பரத்தில் வரும். அதைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

ஆகவே ஓடோமீட்டரைப் பார்க்கும் முன் ரசீதுகளைக் கேளுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் முத்திரை எனக்குப் போதாது. என்னென்ன பாகம் மாற்றினார்கள் என்று வரிவரியாக எழுதிய ரசீது வேண்டும். உத்தரவாதக் காலம் முடியும்வரை எல்லோரும் ஒழுங்காகச் செய்வார்கள். அதற்குப் பிந்திய ரசீதுகளில்தான் விஷயம் இருக்கிறது. கடைசி மூன்று நான்கு ஆண்டு ரசீதில் "எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர்" என்ற இரண்டு வரி மட்டுமே திரும்பத் திரும்ப இருந்தால், அந்த ஆள் செலவை நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கியர் பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக், கீழே உள்ள ரப்பர் புஷ் என்று பில் நீண்டுகொண்டே போனால் முகம் சுளிக்காதீர்கள். அந்தச் செலவெல்லாம் உங்களுக்கு மிச்சம்.

குறைந்த கிலோமீட்டர் என்றதும் சொக்கிப்போகவும் வேண்டாம். ஒன்பது ஆண்டில் அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார் என்றால், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து வீவக அடுக்குமாடி கார்பார்க்கில் தூங்கிய கார். எஞ்சின் முழுச் சூடு ஏறும் முன்பே அணைத்து அணைத்து வைத்திருப்பார்கள். ரப்பரும் பிளாஸ்டிக்கும் கிலோமீட்டரை எண்ணுவதில்லை. சூட்டையும் வருடத்தையும்தான் எண்ணுகின்றன. விரைவுச்சாலையில் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஓடி, ரசீதோடு வரும் கார்தான் எனக்குப் பிடிக்கும்.

பார்க்கப் போகும் நாள்

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின இரவே சொல்லிவையுங்கள். போனவுடன் கை குலுக்குவதற்கு முன் பானெட்மீது உள்ளங்கையை வையுங்கள். கதகதப்பாக இருந்தால் விற்பவர் உங்களுக்காக எதையோ சூடுபடுத்தி மறைத்திருக்கிறார். "இப்பத்தான் கழுவ எடுத்துட்டுப் போனேன்" என்பார். பரவாயில்லை, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது நீங்கள் உள்ளே உட்காரக் கூடாது. வேறொருவரைச் சாவி போடச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து பக்கத்தில் நின்று கேளுங்கள். முதல் இரண்டு மூன்று நொடிதான் முக்கியம். கரகரவென்று சங்கிலி உரசும் சத்தம் எழுந்து, ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கினால் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம், அதன் முனையில் உள்ள கேம் அட்ஜஸ்டர் தேய்ந்திருக்கலாம். 2009 முதல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ212 ஈ கிளாஸில், எம்271 ஈவோ எஞ்சினுக்கு இது பெயர்போன வியாதி. பிஎம்டபிள்யூ எஃப்10 520ஐ, 528ஐ மாடல்களில் உள்ள என்20 எஞ்சினில் சங்கிலியைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு நொறுங்கி, துண்டுகள் எஞ்சின் அடியில் உள்ள ஆயில் சம்ப்பில் போய் விழும். அதில் சத்தம் வேறு மாதிரி, வேகத்தோடு சேர்ந்து ஏறும் மெல்லிய ஊளை. 2012 வரை வந்த ஆடி 2.0 டிஎஃப்எஸ்ஐ எஞ்சின்கள் பலவற்றில் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் இப்படியே. இந்த மூன்றிலும் மாற்றியதற்கு ரசீது இருந்தால் சரி. இல்லையென்றால் பேரம் பேசுவதற்கு அதுவே போதும். எனக்கென்றால் எழுந்து வந்துவிடுவேன். செயின் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு எஞ்சினே வேறு பார்க்க வேண்டியதுதான்.

ஆடியில் இன்னொன்று. 2009-2011 காலத்து 2.0 டிஎஃப்எஸ்ஐ ஆயில் குடிக்கும், பிஸ்டன் ரிங் பிரச்சினை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர்வரை குறைவது இயல்பு என்று கம்பெனிக் கையேடே சொல்கிறது. அது யாருக்கு இயல்போ! பின்பக்கச் சாமான் பெட்டியான பூட்டைத் திறந்து பாருங்கள். பாதி காலியான ஆயில் டப்பா ஒன்று ஓரத்தில் ஒளிந்திருந்தால் விற்பவர் வாய் திறக்காமலே பதில் கிடைத்துவிடும்.

தண்ணீரும் ஆயிலும்

நான் அதிகம் விற்பது கூலிங் சாமான்கள். பிஎம்டபிள்யூவில் பெல்ட்டில் ஓடாமல் மின்சாரத்தில் ஓடும் வாட்டர் பம்ப் பல மாடல்களில் உண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் அது சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். முன்னறிவிப்பே கிடையாது, தீவு விரைவுச்சாலை நெரிசலில் டேஷ்போர்டில் சிவப்பு வெளிச்சம் வந்த பிறகுதான் தெரியும். தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே கூலியில் முடியும்.

எக்ஸ்பான்ஷன் டேங்க், அதிலிருந்து போகும் குழாய், குழாய் முனையில் உள்ள கிளிப் எல்லாமே பிளாஸ்டிக். ஏழெட்டு வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த குழாய் முனையை ஒர்க்‌ஷாப்பில் கழற்றும்போது அப்பளம்போல் நொறுங்கும். பாதி கையில் வரும், பாதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒரு குழாயை மாற்றப் போய் மூன்று மாற்றியதாக மெக்கானிக் சொன்னால் உடனே சந்தேகப்படாதீர்கள். பழைய துண்டுகளைக் காட்டச் சொல்லுங்கள், போதும். காரைப் பார்க்கும்போது டேங்கின் ஒட்டுக் கோட்டில், மூடியைச் சுற்றி, பம்பின் அடியில் காய்ந்த வெள்ளை அல்லது இளஞ்சிவப்புக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கசிந்து ஆவியான கூலண்ட் அது. டேங்கில் நிறமே இல்லாத தண்ணீர் இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். உள்ளே துரு பிடித்திருக்கும்.

ஆயில் கசிவு வேறு கதை. கேஸ்கெட் என்பது மூட்டில் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர். வால்வ் கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் இரண்டும் சூட்டில் இறுகி, ரப்பர் என்ற குணத்தையே இழந்துவிடும். கேஸ்கெட் விலை சொற்பம், கூலிதான் அதிகம். எரிந்த ஆயில் வாடை ஏர்கான் வழியாக உள்ளே வந்தால் வால்வ் கவரிலிருந்து எக்ஸாஸ்ட்மேல் சொட்டுகிறது. ஃபில்டர் ஹவுசிங் கசிந்தால் சில பிஎம்டபிள்யூ எஞ்சின்களில் நேரே பெல்ட்மேல் இறங்கும். ஆயில் பட்ட பெல்ட் உப்பி, கழன்று, எஞ்சினுக்குள்ளேயே இழுபட்டுப் போகும். சின்னக் கசிவு என்று விடக் கூடாத கசிவு அது. மெர்சிடிஸில் கேம்ஷாஃப்ட் மேக்னெட் என்று கட்டைவிரல் அளவு சாமான் ஒன்று உண்டு. அது கசிந்தால் ஆயில் வயரின் உள்ளேயே ஊர்ந்து கம்ப்யூட்டர்வரை போய்விடும். பிளக்கைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எந்த மெக்கானிக்கும் செய்வார்.

எஞ்சின் அடிப்பக்கம் மட்டும் புத்தம் புதிதாகக் கழுவியிருந்தால் காரணம் கேளுங்கள். எட்டு வருடக் கார் எட்டு வருடக் காராகத்தான் தெரிய வேண்டும்.

கியர் பாக்ஸ்

"லைஃப்டைம் ஆயில், மாற்றவே தேவையில்லை" என்று விற்பவர் சொல்வார். யாருடைய ஆயுள் என்று கேட்டுவிடாதீர்கள், சண்டை வரும். பிஎம்டபிள்யூவுக்கு எட்டு கியர் ஆட்டோ பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அந்தப் பாக்ஸின் அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு ஒட்டியே வரும். தட்டை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றியிருந்தால் அது பாதி வேலைதான்.

ஓட்டிப் பார்க்கும்போது வேகம் முக்கியமில்லை. மாடி கார்பார்க்கின் சரிவுப் பாதையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். சிக்னலுக்கு நின்று, பிரேக்கை விட்டு, ஊர்ந்து நகருங்கள். பின்னுக்கும் முன்னுக்கும் மாற்றி மாற்றிப் போடுங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கக் கூடாது, கியர் விழத் தாமதமும் ஆகக் கூடாது. மெர்சிடிஸின் ஏழு கியர் பாக்ஸில் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் தகடு பழுதானால் சூடேறிய பிறகு ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும். அணைத்து ஸ்டார்ட் செய்தால் சரியானதுபோல நடிக்கும். அதனால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். பழைய ஆடி ஏ4, ஏ6 சிலவற்றில் மல்டிட்ரானிக் என்ற, பெல்ட் மாதிரிச் சங்கிலியில் ஓடும் கியர் பாக்ஸ் இருக்கும். ஊரும்போது நடுக்கம் இருந்தால் வேண்டாம். அதை ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கீழே, மேலே, உள்ளே

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால், இரவு முழுவதும் நின்ற காரின் நான்கு சக்கரத்துக்கும் மேலே விரல்களை நுழைத்து இடைவெளி பாருங்கள். ஒரு மூலை மட்டும் குனிந்திருந்தால் ரப்பர்ப் பை வெடித்துக் கசிகிறது. அந்தக் கசிவை ஈடுகட்ட காற்று அடைக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் போகும், அப்போது இரண்டு பில். சாதாரண அப்சார்பர் உள்ள கார்களில் வேகத்தடையில் டொக் டொக் என்றால் கண்ட்ரோல் ஆர்ம் புஷ். தேய்மானச் சாமான், பயப்பட வேண்டாம்.

சன்ரூஃப் நம்மூர் மழைக்கு எதிரி. நான்கு மூலையிலும் வடிகால் குழாய் இருக்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தும் கார்களில் பொடி இலை விழுந்து அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கூரைத் துணியில் இறங்கும், இல்லையென்றால் கம்பளத்துக்கு அடியில் தேங்கும். அங்கேதான் எலக்ட்ரானிக் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள், புத்திசாலிகள். பிஎம்டபிள்யூவின் ஈ60 போன்றவற்றில் பூட் தளத்துக்கு அடியிலேயே பாட்டரியும் சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளும். ஒரு சிறு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய், சன்ரூஃபைத் திறந்து, மூலையில் மெல்ல ஊற்றுங்கள். முன் மூலையில் ஊற்றினால் முன் சக்கரத்துப் பக்கம் தரையில் வந்து சொட்ட வேண்டும். பூட் கம்பளத்தைத் தூக்கி மோந்து பாருங்கள். பூஞ்சை வாடையை எந்த வாசனைத் திரவியமும் முழுதாக மறைக்காது.

எச்சரிக்கை விளக்குகள் கோவில் தோரணம்போல் எரிந்தாலும் சில சமயம் காரணம் பாட்டரி மட்டும்தான். ஐரோப்பியக் காரில் புதுப் பாட்டரி போட்டால், போட்டதைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாத இடத்தில் பாட்டரி வாங்காதீர்கள்.

ஏர்கானை முழு வேகத்தில் வைத்து, காரை நிறுத்திய இடத்திலேயே கால் மணி நேரம் உட்காருங்கள். நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்றால் கண்டென்சர் ஃபேன் பக்கம் பாருங்கள், சின்ன விஷயம். குளிர் மெல்ல மெல்லக் குறைந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் கசியலாம். அதை மாற்ற டேஷ்போர்டையே இறக்க வேண்டும். இந்த வேலைக்குக் கூலி கேட்டு மயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லெக்சஸ் பற்றியும் கேட்பீர்கள். நிம்மதி வேண்டுமென்றால் அதுதான். பழைய ஐஎஸ்250-இன் எஞ்சினில் வால்வுமேல் கரி படியும், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் மட்டுமே பீய்ச்சும் எஞ்சின்களுக்குப் பொதுவான குணம். வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்வார்கள். ஹைபிரிட் ஈஎஸ்300எச் என்றால் பின் சீட் பக்கம் இருக்கும் பாட்டரிக் காற்று வாயில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். லெக்சஸ் பாகம் கேட்டு எங்கள் கடைக்கு யாரும் வருவதில்லை, வியாபாரம் ஐரோப்பியக் கார் என்பது மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

காசு கொடுக்கும் முன்

கட்டாயப் பரிசோதனையில் தேறிய கார் என்று காகிதம் காட்டுவார்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் நடக்கும் அந்தச் சோதனை பிரேக், விளக்கு, புகை, அடிப்பக்கம் பார்ப்பது. டைமிங் செயினையும் கியர் பாக்ஸின் உட்புறத்தையும் அது பார்ப்பதில்லை. அந்தக் காரின் பிராண்டை மட்டுமே செய்யும் ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கு, பட்டறைகள் உள்ள சின் மிங்கோ காக்கி புக்கிட்டோ, உங்கள் காசில் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றுங்கள். விற்பவர் சொல்லும் ஒர்க்‌ஷாப் வேண்டாம். ஸ்கேனர் மாட்டும்போது பிழை இல்லை என்பதோடு நிற்காதீர்கள். கார் தன்னைத் தானே சோதிக்கும் பட்டியல் முடிந்திருக்கிறதா என்று கேளுங்கள். "முடியவில்லை" என்று காட்டினால் சமீபத்தில் யாரோ பிழைகளை அழித்திருக்கிறார்கள்.

டீலரிடம் வாங்கினால் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருளை விற்றவரையே பொறுப்பாக்கும் சட்டம், பழைய காருக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது அவர்கள் பொறுப்பு. வயசுக்கேற்ற தேய்மானத்துக்கு அது பேசாது. தனியாளிடம் நேரடியாக வாங்கினால் அந்தக் கவசம் இல்லை. அதற்குத் தகுந்தபடி விலையைக் குறையுங்கள். காரின் விலை போக ஐயாயிரம் வெள்ளியாவது (சிங்கப்பூர் டாலர்) கையில் இருக்கட்டும். அது இல்லாமல் கடனில் கழுத்துவரை இறங்கி வாங்குவதென்றால் கொரோல்லா நல்ல கார். காரின் விலைதான் குறைந்திருக்கிறது. பாகத்தின் விலையும் சாலை வரியும் புதுக் காருக்கானதே. இரண்டு லிட்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 வெள்ளி, மூன்று லிட்டருக்கு அதன் இரு மடங்கு.

பாகம் வாங்கும்போது மூன்று தரம் சொல்வோம்: ஒரிஜினல், ஓஇஎம், காப்பி. கண்ட்ரோல் ஆர்மை எடுத்துக்கொள்ளுங்கள். லெம்ஃபோர்டர் பெட்டியில் வரும் ஆர்மைக் கையில் எடுத்துத் திருப்பினால், உலோகத்தில் ஒரு சின்ன வட்டம் கிரைண்டரால் தேய்த்து அழிக்கப்பட்டிருக்கும். பிஎம்டபிள்யூ சின்னம் இருந்த இடம் அது. அதே தொழிற்சாலை, அதே வார்ப்பு, சின்னம் மட்டும் இல்லை, விலையும் கணிசமாகக் குறைவு. ஓஇஎம் என்றால் இதுதான். காப்பி வேண்டாம் என்று எல்லாவற்றுக்கும் சொல்லமாட்டேன். கேபின் ஃபில்டர், வைப்பர் எதுவானாலும் சரி. வாட்டர் பம்ப், சென்சர், செயின், ரப்பர் புஷ் இவற்றில் காப்பி போட்டால் ஒரே கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள். மூன்றாண்டுக்கு மேல் வைத்திருக்கப் போவதில்லை என்றால்கூட.

வாங்கிய முதல் மாதத்தில் எஞ்சின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், கியர் பாக்ஸ் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், ரசீது இருந்தாலொழிய. எஞ்சின் ஆயிலைக் கம்பெனி சொல்லும் 15,000 கிலோமீட்டருக்குக் காத்திராமல் எட்டாயிரத்தில் மாற்றுங்கள். நம்மூர் நெரிசலில் நின்றபடியே எஞ்சின் ஓடும் நேரம் அதிகம். கிலோமீட்டர் அதைக் காட்டாது.

பத்தாம் ஆண்டில் சிஓஇயைப் புதுப்பிக்க ஆசை வரும். கார் பழகிவிட்டது, விட மனம் வராது. புதுப்பித்தால் பார்ஃப் பணம், அதாவது பத்து ஆண்டுக்குள் காரை ஒழித்தால் அரசு திருப்பித் தரும் தொகை, போய்விடும். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதற்குமேல் நீட்டிக்க முடியாது. சாலை வரியும் ஆண்டுக்குப் பத்து விழுக்காடாக ஏறி ஐம்பதில் போய் நிற்கும். அத்தனையையும் ஒத்துக்கொண்டு புதுப்பிப்பதென்றால், பணம் கட்டுவதற்கு மூன்று மாதம் முன்பே காரை லிஃப்டில் ஏற்றி, செயினையும் கியர் பாக்ஸையும் கூலிங் காயிலையும் பார்த்து எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். கட்டிய பிறகு வந்து விலை கேட்பவர்களுக்கு என்னால் தள்ளுபடி மட்டும்தான் கொடுக்க முடிகிறது.